வடிவு வீட்டு அடைக்கோழி

உக்காருங்கம்மா, உக்காருங்க. பைய இப்படி நகட்டிக்கிடுதேன். உள்ள இருக்கது மருமகளா? எம்மவ காலைலயே உள்ள போயிட்டா. தலைப்பிள்ள. தொணைக்கு ஒரே ஆளுதான்னு ஆஸ்பத்திரில ஒரு சீட்டுதான் குடுக்காவ, அத நான் வாங்கி ரவிக்கைக்குள்ள வச்சிக்கிட்டேன். அந்தா, சன்னல் வழியாப் பாருங்க. வேப்பமரத்தடில பச்சச் சேல கட்டிக்கிட்டு, மடில துணி மூட்டையோட ஒருத்தி உக்காந்திருக்காளா? அவளும் எங்ககூட ஆட்டோல வந்தவதான். யாரும் கூப்புடல. நாங்க ஏறும்போது மூட்டையத் தூக்கிக்கிட்டு அவளும் ஏறிட்டா. வெளிய கெடக்கட்டும்.

பாவமாத்தான் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். அவ பேரு வடிவு. எங்க கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. கொழுந்தன் போய்ச் சேந்து வருசம் பல ஆச்சி. பிள்ள குட்டி கெடையாது. ஒரே வளவுக்குள்ள ரெண்டு வீடு, நடுவுல முள்வேலி. வேலி நான் போட்டது. அவ எப்பேர்ப்பட்டவன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. அதிர்ந்து பேச மாட்டா, எதுத்துப் பேச மாட்டா. அதுதான் அவ வச்சிருக்க ஆயுதம். இந்தக் கோழிக்குஞ்சு விவகாரத்த மட்டும் கேளுங்க, நீங்களே சொல்லுவீங்க.

எம்மவ இந்துமதி முழுகாம இருக்கான்னு போன் வந்துச்சில்லா, அண்ணைக்கே நான் நெனச்சிட்டேன், பிள்ள பெத்த ஒடம்புக்கு இன்னும் முட்ட இடாத வெடக்கோழிச் சாறுதான் குடுக்கணும்னு. கடைல தொங்குதே வெள்ளக்கோழி, அதக் கண்ணுல காட்டக் கூடாது. இப்பம் குஞ்சு பொரிக்க வச்சா, அவ பிள்ள பெறுத நேரத்துக்கு வெடக்கோழி கைக்கு வந்துரும். நல்ல கணக்குதான? பெத்த தாய்க்குத்தான் இந்த யோசனையெல்லாம் வரும்.

எங்கிட்டக் கோழி இல்லாம இல்ல. வளவு பூரா என் கோழிதான் கெளறிக்கிட்டுத் திரியும். ஆனா அடைக்குப் படுக்க ஒண்ணு வரணும்லா? நான் விட்டதே இல்லம்மா. ஒரு கோழி கூட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, எறகச் சிலுப்பிக்கிட்டு, கிட்டப் போனா கொர்ருனு மொறச்சிச்சோ, அப்படியே தூக்கிட்டுப் போயி தண்ணித் தொட்டில முக்கிருவேன். அதுக்கும் அடங்கலையா, அது எறகையே ஒண்ணப் புடுங்கி மூக்குல குத்தி விட்ருவேன். அந்த எறகத் தட்டி விடுததுலயே அதுக்குப் பொழுது போயிரும், முட்ட மேல இருக்க பித்து தெளிஞ்சிரும். பெறவு சொன்ன பேச்சக் கேட்டு முட்ட இடும். பின்ன என்ன? அடை, குஞ்சுன்னு மாசக்கணக்கா முட்டையே இல்லாம தீனி போட்டு வளக்கதுக்கு நான் என்ன சமீந்தாரு மகளா? நானே பிள்ளையப் பெத்துட்டு, தீட்டு கழிஞ்ச கையோட தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏறுனவ. கோழிக்கு என்ன கேடு வந்துச்சி?

இந்தச் சவத்து மூதிகளுக்கு, நான் வேணும்னு நெனைக்கும்போது அடை வர மாட்டேங்கு! கம்பு போட்டேன், இருட்டு மூலையில கூடைய வச்சிக் குடுத்தேன், முட்டைய அள்ளாம அப்படியே விட்டுப் பாத்தேன். இட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடுதுக. நன்றி கெட்ட சென்மங்க.

வேலிக்கு அங்கிட்டு அவகிட்ட ஒரு கோழி இருக்கு. செவலக்கோழி, கழுத்துல எறகு கெடையாது, பாக்கச் சகிக்காது. அது மட்டும் வருசத்துக்கு மூணு தடவ அடைக்குப் படுக்கும். வாத்து முட்டையப் பொரிச்சிருக்கு, வான்கோழி முட்டையப் பொரிச்சிருக்கு. ஊருக்காரவ பூரா முட்டையத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்குத்தான் போவாவ. எனக்கு அந்த வாசல்ல போயி நிக்க மனசு வருமா? எங்க வீட்டுக்காரகள அனுப்புனேன்.

எங்க பக்கம் ஒரு மொற உண்டு. முட்ட ஒரு வீட்டுது, அடைக்கோழி ஒரு வீட்டுதுன்னா, பொரிக்கிற குஞ்சுல பாதி பாதி. வாரம்னு சொல்லுவோம். 'வாரத்துக்கு வச்சித் தாரியான்னு கேளுங்க'ன்னு சொல்லி விட்டேன். அவ பாதி கேப்பா, எம்மவளுக்கு வளக்கதுல பங்கு கேக்கியாடின்னு நாக்கப் புடுங்குத மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு வேலியோரமா நிக்கேன். இவுக திரும்பி வந்து, 'வாரமெல்லாம் வேண்டாமாம். நம்ம இந்துவுக்குத்தானன்னு சொல்லி வாங்கி வச்சிக்கிட்டா'ங்காவ.

பாத்தீங்களா திமிர? நம்ம இந்துவாம்! யாரு வீட்டுப் பிள்ள யாருக்கு நம்ம? ஒரு குஞ்சு கேட்டிருந்தா நான் குடுத்துட்டுப் போயிருப்பேன். ஒண்ணும் வேண்டாம்னு சொல்லி என்னையக் கடன்காரி ஆக்கிட்டா பாத்துக்கிடுங்க. 

வடிவு பனையோலக் கடகாப்பெட்டில உமியப் போட்டு, முட்டைய அடுக்கி, இடிச் சத்தத்துல முட்ட கெட்டுரக் கூடாதுன்னு ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு வத்தல் எல்லாம் சொருகி வச்சா. வேலி இடுக்கு வழியா நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குத்தம் கண்டுபிடிக்கலாம்னா ஒண்ணும் சிக்கல. தெனமும் கோழிய எறக்கி விட்டு, தண்ணி காட்டி, அது திரும்பி வந்து உக்காருத வரைக்கும் பக்கத்துலயே நிக்கா. வேற வேலவெட்டி இல்லாதவ, செய்வா.

பொரிச்ச அண்ணைக்குப் பாத்தா, மூணுல ஒரு பங்கு கூமுட்டை! எனக்கு வந்துச்சே கோவம். 'என் முட்டைய மாத்திட்டியாடி?'ன்னு இங்கிருந்தே கேட்டேன். அவ மெதுவா, 'முட்ட கொஞ்சம் பழசு போலக்கா, ஆட்டிப் பாத்தா உள்ள ஆடுச்சி'ங்கா. முட்ட கொஞ்ச நாளு அடுப்பு மேடைல கெடந்தது வாஸ்தவம். அதுக்கென்ன? முட்டைக்குச் சூடுதான வேணும்? கோழி மட்டும் என்ன ஐஸ் கட்டியா வச்சிருக்கு? நாசூக்கா என்னையக் கொற சொல்லுதா, கவனிச்சீங்களா?

நேரே உள்ள போனேன். குஞ்சுக எறகு காஞ்சி அப்பந்தான் பஞ்சு மாதிரி நிக்குதுக. முந்தானையில அள்ளிக் கட்டுனேன். அந்தச் செவலக்கோழி பறந்து வந்து எங்கையில கொத்துச்சி பாருங்க, இந்தா, தழும்பு இன்னும் இருக்கு. வடிவு கோழியப் புடிச்சிக்கிட்டு, 'யக்கா, கோழியையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க. குஞ்சு தெளியட்டும், பெறவு கோழிய விட்டாப் போதும்'ங்கா. 'ஒங்கோழி ஒண்ணும் எனக்கு வேண்டாம். என் குஞ்ச வளக்க எனக்குத் தெரியும்'னுட்டு வந்துட்டேன்.

அந்தக் கோழியக் கூட்டிட்டு வந்தா என்ன ஆகும்? அதப் பாக்கேன்னு இவ வருவா. தீனி போட வருவா, தண்ணி வைக்க வருவா. எம்மவ பிரசவத்துக்கு வரும்போது இவ என் அடுக்களைல நிப்பா. எனக்குத் தெரியாதா?

அட்டப்பெட்டிக்குள்ள துணிய விரிச்சி, குண்டு பல்பத் தொங்க விட்டேன். இப்பம் பண்ணைல எல்லாம் அப்படித்தான் வளக்காவ. லச்சக்கணக்குல வளருது, நம்ம வீட்டுல வளராதா? அதுக கத்துதுக, கத்துதுக, அப்படிக் கத்துதுக. குருணை போட்டேன், கொத்தத் தெரியல. தண்ணிக் கிண்ணத்துக்குள்ள ரெண்டு எறங்கி நனைஞ்சி வெறைச்சிப் போச்சி. அண்ணைக்குன்னு பாத்து மழ, கரண்டு போயிருச்சி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அடியில கெடந்த குஞ்சுக நசுங்கிச் செத்துப் போச்சி. எல்லாம் அவ கண்ணு. அவ வேலியோரமா நின்னு பெருமூச்சு விட்டத நான் பாத்தேன். அந்த மூச்சுதான் பட்டுருக்கு.

பெறவு எங்க வீட்டுக்காரக, 'நம்ம கோழி ஒண்ண விட்டுப் பாரேன்'னாவ. நல்ல சாதுவான கருப்புக் கோழியாப் பாத்து, கூடையப் போட்டுக் குஞ்சோட சேத்து மூடி வச்சேன். அது, இந்துமதி போன் வாரதுக்கு முன்ன நான் தண்ணில முக்கி வழிக்குக் கொண்டாந்த கோழி. குஞ்சு எறகுக்குள்ள நொழையப் போவுது, அது மண்டையிலயே கொத்துது! ஒரு குஞ்சுக்குக் கண்ணு போச்சி. இப்படியும் ஒரு பொம்பளச் சென்மம் இருக்குமா? பெத்த பாசம் இல்லாத எளவு. கழுத்தத் திருகிக் கொழம்பு வச்சிட்டேன்.

மிச்சம் ஏழெட்டுதான். அதுகளக் காலைல வெயிலுக்கு வளவுல விட்டேன். வேலிக்கு அங்க அந்த மொட்டைக் கழுத்துக்காரி வந்து நிக்கி. நாளுக் கணக்கா அங்கேயேதான் நிக்கும், தீனி எடுக்காதாம். கொக் கொக்குனு ஒரு மாதிரி அடித்தொண்டைல கூப்புட்டுது பாத்துக்கிடுங்க. அவ்வளவுதான். குஞ்சு பூராத் தலையத் தூக்கிச்சி. நான் பா பான்னு குருணையக் காட்டிக் கூப்புடுதேன், ஒண்ணு என் பக்கம் திரும்பணுமே! முள்ளுக்கடியில நொழைஞ்சி விழுந்தடிச்சி ஓடி, அது எறகுக்குள்ள போயி மறைஞ்சிருச்சி. கண்ணு போன குஞ்சுகூடச் சத்தத்த வச்சித் தட்டுத்தடுமாறிப் போயிச் சேந்துட்டு.

எங்க வீட்டுக்காரக பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அண்ணைக்கு இந்துவும் இப்படித்தான் இந்த வேலிக்கடியில...'ன்னு ஆரம்பிச்சாவ. வாய மூடுங்கன்னேன். கோழியும் பிள்ளையும் ஒண்ணா? கூறு கெட்ட மனுசன்.

அந்தக் கதையையும் சொல்லிருதேன், பெறவு வேற யாரும் உங்ககிட்ட மாத்திச் சொல்லிரக் கூடாது. நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவேன்லா, வேன் விடியமுன்ன வந்துரும், திரும்ப இருட்டிரும். பச்சப்பிள்ளைய இவகிட்டத்தான் விட்டுட்டுப் போவேன். பாத்துக்கோன்னுதான் விட்டேன். எடுத்துக்கோன்னா விட்டேன்? பால் வாங்கி ஊத்துனா, குளிப்பாட்டுனா, காச்சல் வந்தா தோள்லயே போட்டுக்கிட்டு நடந்தா. சரி, யாரு இல்லைன்னா? அம்மன் கோயில் கொடை அண்ணைக்கு, அம்புட்டுச் சனத்துக்கு மத்தியில, நான் புதுச் சேல கட்டிக்கிட்டு வா தாயின்னு கைய நீட்டுதேன். எம்பிள்ள என்னைய யாரோன்னு பாத்துட்டு, 'வடிவம்மா'ன்னு கத்திக்கிட்டு அவ கழுத்தக் கட்டிக்கிடுதா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க, உங்களுக்கா இருந்தா எப்படி இருக்கும்? ஒரு அறை விட்டேன். மறுநாளே முள்ளு வெட்டியாந்து குறுக்க போட்டேன். பிள்ள கொஞ்ச நாளு வேலியப் புடிச்சிக்கிட்டு நின்னா, கையெல்லாம் கீறல். எல்லாம் சரியாப் போயிருச்சி. படிக்க வச்சேன், கட்டிக் குடுத்தேன். இண்ணைக்கும் என்னைய அம்மான்னுதான் கூப்புடுதா. ஆனா அவளக் கூப்புடுத அந்தப் பேரு மட்டும் அவ வாயில இருந்து போகல.

சரி, கோழிக்கு வாரேன். குஞ்சுக அங்கேயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன். ஏன்னு கேளுங்க. தீனிச் செலவு அவளுக்குத்தான? கலயத்துல சாணியையும் ஓலையையும் போட்டுக் கவுத்தி வச்சி கரையான் புடிச்சிப் போடுதா, பருந்து வந்தா கம்பத் தூக்கிக்கிட்டு ஓடுதா. ஓடட்டும், நமக்கென்ன நட்டம்? நல்லாத் தெரண்டு வெடக்கோழியா நின்ன ஒடனே போயிப் புடிச்சிட்டு வந்துட்டேன். அவ ஒதுங்கி வழி விட்டுட்டா. அதுகதான் பொழுது சாயவும் அவ வீட்டுக் கூரைக்கே போயி அடைஞ்சிதுக. காலுல கயித்தக் கட்டிக் கட்டிலுக்கடியில போட்டுட்டேன். இப்பம் அங்கதான் கெடக்கு. தின்னுததுதான் சரியில்ல, கொஞ்சம் எளைச்சிருக்கு.

இம்புட்டும் யாருக்காக? எம்மவ எங்கிட்ட வந்து பிள்ள பெறணும், எங்கையால தின்னணும். நான் பக்கத்துலயே கெடந்து பாக்கணும். அவ சின்னதா இருக்கும்போது நான் பாக்கல. நாளெல்லாம் குச்சி அடுக்குனேன், மருந்து வாடையோட வந்து விழுந்தேன். இப்பமாவது பாக்கணும்மா. வேற ஒரு ஆசையும் எனக்குக் கெடையாது.

ஒருநா வடிவு போன்ல பேசுதா. அவளுக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்லதான் போடுவா. எம்மவ சத்தம் கேக்கு. 'வடிவம்மா, நான் ஒங்க வீட்டுக்கே வந்துருதேன். அங்க வந்தா எனக்குப் பயமா இருக்காது'ங்கா. நான் வேலியோட வேலியா ஒட்டி நின்னு கேட்டேன். அதுக்கு இந்தச் சதிகாரி என்ன சொல்லுதா தெரியுமா? 'தப்பு தாயி. தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குத்தான் வரணும். ஒங்கம்மா ஒனக்காகக் கோழியெல்லாம் வளத்து வச்சிருக்கா. நீ வரலைன்னா அவ மனசு விட்டுப் போவும். அங்க வா, நான் வேலிக்கு இந்தப் பக்கந்தான இருக்கேன்'ங்கா.

எம்மவள எங்கிட்ட வரச் சொல்லுததுக்கு இவ யாரு? எனக்குப் பிச்ச போடுதாளா? கோழிய நான் வளத்தேன்னு எனக்காகப் பொய் வேற சொல்லுதா. இந்த மாதிரி ஒரு வன்மத்த நீங்க எங்கேயாவது பாத்திருக்கீங்களா? சண்ட போட்டுத் தட்டிப் பறிச்சிருந்தாக்கூட மனசு ஆறிரும். எம்மவ வந்தா. நாற்காலிய எடுத்து வேலியோரமாப் போட்டு உக்காந்துக்கிட்டா. நான் என்ன கேட்டாலும் 'ஆமா', 'இல்ல', அவ்வளவுதான் பதிலு. முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு தொண்டச் செருமல் கேட்டாப் போதும், மொகம் மலந்துரும்.

அதான் இண்ணைக்குச் சீட்ட நான் வாங்குனேன். வாசல்ல வாச்மேன், 'யாரும்மா ஒரு ஆளு?'ன்னு கேட்டான். அவ ஒதுங்கி, 'யக்கா நீங்க போங்க'ங்கா. அப்பமும் அவதான் விட்டுக் குடுக்கணுமா? நான் காதுலயே வாங்காம வந்துட்டேன்.

இருங்க, கதவு தொறக்குது. இது புதுச் சிஸ்டர், காலைல இருந்தவ இல்ல.

என்ன சிஸ்டர்? இந்துமதியா? ஆமா, எம்மவதான். பிள்ள பொறந்துட்டா? இன்னும் இல்லையா? பின்ன ஏன் வந்தீங்க? ஐயையோ, பயந்து அழுதாளா? கையப் புடிக்க ஆள் வேணுங்காளா? நான் வாரேன். இந்தா வந்துட்டேன், செருப்ப மட்டும் கழட்டிக்கிடுதேன்.

யாரு?

யாரக் கேக்கா?

வேற யாரும் வேண்டாங்காளா... நல்லாக் கேட்டீங்களா சிஸ்டர்? அம்மான்னு சொல்லிருப்பா, வலியில உங்களுக்கு... இல்ல, இல்ல. சரி. வடிவம்மான்னுதான் சொன்னா.

நீங்க ஏம்மா சன்னலப் பாக்குதீங்க? சும்மா இருங்க. கைய எடுங்க, யாரையும் கூப்புட வேண்டாம்.

அப்படி யாரும் வரல சிஸ்டர். நான் மட்டுந்தான் வந்திருக்கேன். இருங்க, இருங்க, கதவச் சாத்தாதீங்க! வடிவம்மாதான கேட்டா? நாந்தான் சிஸ்டர். எம் பேருதான் வடிவு. சின்னதுல இருந்தே எம்மவ என்னைய அப்படித்தான் கூப்புடுவா.